துறைக்கு வாராதே

அந்தி மங்கிப் பெண்ணையாற்று மணலில் முழுநிலவு மெல்ல ஒளி பரப்பத் தொடங்கிய வேளையில், தென்கரையில் தங்கியிருந்த இளவேள் வயமானின் பாசறையில் விளக்குகள் ஒவ்வொன்றாய்க் கண் விழித்தன. எதிர்க்கரையில் பகைவர் கோட்டை. நிலவு உச்சிக்கு வந்ததும் ஆற்றுத்துறையைக் கடந்து அதைத் தாக்குவதென்று முடிவாகியிருந்தது.

அன்பு வாசகர்களே, இத்தனை பரபரப்புக்கும் நடுவே மருத மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இளைஞனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவன் பெயர் ஆதிரையன்; காதல் பாடல்களைக் கற்கும் மாணவன். வெற்றிப் பாட்டு எழுத அழைத்து வரப்பட்டவன் கையில் இப்போது ஓர் உயிர் இருந்தது.

அன்று பகலில், வயமான் மேற்கு முகாமுக்குப் போயிருந்தபோது, முக்காடிட்ட விறலி ஒருத்தி வாயிலில் நின்று யாழ் மீட்டிப் பாடினாள். படைத்தலைவர் மறவூரார் அவளைப் பகைவரின் ஒற்று என்று சிறைப்படுத்தினார். முள் கிழித்த அவள் பாதங்களைக் கண்டு மனம் பொறாத ஆதிரையன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்திருந்தான். அவள் பாடியது இது:

*யானை முழங்கும் ஆற்றுத் துறைக்கு*
*வாராதே; வந்தால் நான் வாழேன்.*
*வாசல் விளக்கை அணைத்துவிட்டேன்.*
*என் தோழியும் இதனை அறியாள்;*
*யாரிடம் சொல்லி அனுப்புவேன்?*

"என்ன தம்பி, பல்லி மாதிரி மரத்தையே பார்க்கிறீர்?" என்று கேட்டபடி மறவூரார் வந்தார். "காதலி விளக்கை ஏற்றிவைத்துக் காத்திருப்பாள். இவள் அணைக்கிறாள். இது போர்க்குறிப்புத்தான். இளவேள் வந்துவிட்டார், எழுந்திரும். காதல் பாட்டென்று நீர் நிறுவாவிட்டால் அவள் தலை தப்பாது."

ஆதிரையன் ஈசனை நினைத்துக்கொண்டு எழுந்தான். வழியில் கொடிய விலங்கு உண்டென்று அஞ்சிக் காதலனை வராதே என்று தடுக்கும் தலைவியரை அவன் படித்திருக்கிறான். அவர்கள் அந்தச் சொல்லைத் தோழி வாயிலாகவே சொல்லுவார்கள். இவளுக்கோ தோழியும் துணை இல்லை. யாரிடமும் சொல்லாத சொல் இந்த விறலிக்கு எப்படி எட்டியது?

வெறுங்காலில் ஒரு முள் தைத்தது. அவன் நின்றான். ஊர் ஊராய் நடக்கும் விறலியின் பாதமா அப்படிக் கிழிந்திருக்கும்? பாடியவளே அந்தத் தலைவி! எதிர்க்கரைக் கோட்டையில் வளர்ந்தவள்; இன்றிரவு துறைக்கு வரவிருப்பவரோ இளவேள்.

அதைச் சொன்னால் அவள் பிணைக்கைதி ஆவாள், சொல்லாவிட்டால் சாவாள்.

கூடாரத்தில் வயமானின் முன் அவன் கைகூப்பினான். "இது காதல் பாட்டே, பெருமானே. ஆற்றுத்துறையில் இருக்கும் ஆபத்துக்கு அஞ்சி ஒருத்தி தன் அன்பனைத் தடுக்கிறாள்."

"யார் அவள்? யார் அந்த அன்பன்?" என்று மறவூரார் உறுமினார்.

"காதல் பாட்டில் பெயர் சொல்லுவது மரபன்று, ஐயா. பாட்டை இளவேள் இன்னும் கேட்கவில்லை. ஒருமுறை கேட்கட்டும்."

விறலியை அழைத்து வந்தார்கள். வாசலில் அந்தப் பெரிய செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து அவள் பாடினாள். முதலடி முடியுமுன் அந்தக் குரலை அறிந்துகொண்ட வயமானின் முகம் வெளுத்தது.

"துறையில் என்ன இருக்கிறது?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

"நீருக்கடியில் கூர்ங்கழுக்களை நட்டிருக்கிறார்கள். இரு கரைப் பிள்ளைகளும் சாக வேண்டாமென்று வந்தேன்."

முக்காடு சரிந்தது. மறவூரார் இரண்டடி பின்வாங்கினார். கோட்டைத் தலைவரின் ஒரே மகள் பூங்குழையை அவர் முன்பே கண்டிருந்தார். "அம்மணி, உங்களையா..." என்று தலை குனிந்தார்.

வயமான் வாளை அவிழ்த்துத் தரையில் வைத்தான். "இந்த ஆற்றை ஆயுதத்தோடு கடக்க மாட்டேன்; இறைவன் மேல் ஆணை. விடிந்ததும் வெறுங்கையோடு உன் தந்தையிடம் வருகிறேன். இப்போது உன்னைத் தடுப்பார் இல்லை. போய் வா."

வாசலில் அவள் செருப்பைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தாள்.

"வேண்டாம், தாயே," என்றான் ஆதிரையன். "வீடு போய்ச் சேர இன்னும் வழி இருக்கிறது."

நிலவொளியில் படகு அசைந்து போவதைப் பார்த்தபடி அவன் கரையில் உட்கார்ந்து, காலில் தைத்த முள்ளை மெதுவாகப் பிடுங்கினான்.