பத்துப் படமும் ஒரே சிவப்பு

மறுநாள் காலை அறிவியல் கண்காட்சி. முதல் நாள் மாலை, ஐந்தாம் வகுப்பின் பின்சுவரில் இரண்டு தோழிகள் பத்துப் படங்களை ஒட்டி முடித்தார்கள்.

ஒருத்தி கேள்விப்பெட்டி. வாயைத் திறந்தால் கேள்விதான். இன்னொருத்தி சுருட்டை. அவள் தலைமுடியைப் பார்த்தாலே பெயர்க் காரணம் புரிந்துவிடும்.

படங்களைக் கொடுத்தவர் கேள்விப்பெட்டியின் சித்தி. செயற்கைக்கோள் அனுப்பும் தகவல்களைப் படமாக்கும் அலுவலகத்தில் அவருக்கு வேலை. வருஷத்துக்கு ஒன்று என்று ஊர்க் காற்றின் பத்து வருஷப் படங்கள். கட்டம் கட்டமாக இருக்கும். கெட்ட வாயு அதிகமென்றால் சிவப்பு, குறைவென்றால் பச்சை.

சுருட்டையின் அப்பா மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். "புகைபோக்கியில சுத்தம் செய்யற இயந்திரம் வச்சதிலிருந்து எவ்வளவோ குறைஞ்சிருக்கு" என்று அவர் சொன்னதைத்தான் தலைப்புக்குக் கீழே பெரிதாக எழுதியிருந்தார்கள்.

பக்கத்து மேசையிலிருந்து அதே வகுப்பு நெட்டையன் எட்டிப் பார்த்தான்.

"எங்க குறைஞ்சிருக்கு? பத்துப் படத்துலயும் மின் நிலையம் ஒரே சிவப்பு! உங்கப்பா நல்லாத்தான் கதை விடுறாரு."

சுருட்டையின் கண் கலங்கிவிட்டது. "நாளைக்கு அப்பா லீவு போட்டு வர்றாருடி. எல்லாத்தையும் கிழிச்சுடலாம்."

"இரு, அவசரப்படாதே" என்றாள் கேள்விப்பெட்டி.

மூக்கு காகிதத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு படத்தின் அடியிலும், எந்த நிறம் எவ்வளவு வாயு என்று காட்டும் ஒரு வண்ணப் பட்டை. முதல் படத்தில் சிவப்புக்குக் கீழே 42 என்று இருந்தது. பத்தாவது படத்திலும் அதே சிவப்புதான். ஆனால் அதன் கீழே 14!

வகுப்பு ஆசிரியையின் போனை வாங்கிச் சித்தியை அழைத்தாள்.

"சித்தி, நாப்பத்திரண்டும் சிவப்பு, பதினாலும் சிவப்பா?"

அந்தப் பக்கம் சித்தி கம்ப்யூட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது.

"அடி என் கேள்விப்பெட்டியே! அந்தந்த வருஷத்துல எது அதிகமோ அதுக்குக் கம்ப்யூட்டர் தானாவே சிவப்பு கொடுத்துடும். எல்லா வருஷத்துக்கும் ஒரே அளவு வைக்க மறந்துட்டேன். இப்பவே எண்களை அனுப்பறேன்."

எண்கள் வந்தன. இருவரும் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். முப்பதுக்கு மேல் சிவப்பு, இருபதுக்கு மேல் ஆரஞ்சு, பத்துக்கு மேல் மஞ்சள், மீதி பச்சை. பத்துப் படத்துக்கும் இதே விதிதான்.

நெட்டையன் தன் பையைத் துழாவினான். பிறகு, "மஞ்சள் பென்சில் என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

மறுநாள் சுருட்டையின் அப்பா வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு... ஆறாவது படத்தில் மின் நிலையம் ஆரஞ்சாகியிருந்தது.

"இந்த வருஷம்தான் அந்த இயந்திரத்தை வச்சோம்!" என்றார்.

"கடைசிப் படத்துல மஞ்சள் ஆயிடுச்சுப்பா" என்றாள் சுருட்டை.

"ஆனா மாமா, நெடுஞ்சாலைக் கட்டம் பச்சையா இருந்தது, இப்ப மஞ்சளா மாறிடுச்சு. வண்டி அதிகமாயிடுச்சு போல" என்றாள் கேள்விப்பெட்டி.

"அதுல இவன் வர்ற காரும் சேர்த்தி" என்று சுருட்டை நெட்டையனைக் காட்டினாள்.

"நாளையிலிருந்து சைக்கிள்லயே வந்து தொலைக்கிறேன், விடு" என்றான் அவன்.

அப்பா சிரித்தார். பதினோராவதாக ஒரு தாள் வண்ணமில்லாமல் ஒட்டியிருந்ததைக் கவனித்தார்.

"இது எதுக்கு?"

"அடுத்த வருஷத்துக்கு, மாமா."

அவர் மேசையிலிருந்த பென்சில்களைப் பார்த்தார். மஞ்சள் பென்சில் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பச்சைப் பென்சிலை எடுத்துக் கேள்விப்பெட்டியின் கையில் வைத்தார்.

"இதை மட்டும் தொலைச்சுடாதேம்மா. அடுத்த வருஷம் எங்க மின் நிலையக் கட்டத்துக்கு வேணும்."