கூச்சத்திரை

காலை வகுப்பு தொடங்கியதும் ரெஜினாவின் கேமரா முதலில் கொடியில் காயும் ஈரத்துணிகளை அழிக்கும். அடுத்து அவளுடைய அப்பாவை அழிக்கும். தினமும் நடப்பதுதான். நிலாவில் கட்டிய அந்தக் குடியிருப்பில் இதையெல்லாம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அங்கே எல்லாம் ஒற்றை அறை வீடுகள். மாணவர்களைக் கூட்டி ஓரிடத்தில் உட்கார வைத்தால் மூச்சுக்காற்றுக்கு எங்கே போவது? அதனால் பல்கலைக்கழகமே இணையத்தில்தான். ஆரம்பத்தில் ஒருவரும் வகுப்பை எட்டிப் பார்க்கவில்லை. ஏனப்பா என்று கேட்டால், "சிக்னல் சரியில்லை" என்றார்கள். சிக்னலாவது மண்ணாவது! கோபுரம் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்கிறது. தோண்டித் துருவியதில் விஷயம் வெளியே வந்தது. வீடு தெரிந்துவிடுமே என்ற கூச்சம்.

உடனே மாணவர்களின் மணிக்கட்டுக்குள், நாடித்துடிப்பை வைத்தே மனசைப் படித்துவிடும் ஒரு நாடிவிதையைப் பதித்தார்கள். எதை நினைத்து வெட்கம் பிடுங்கித் தின்கிறதோ, கேமரா அதை உருவத்தோடும் குரலோடும் அழித்து, அந்த இடத்தில் வெறும் சுவரைத் தீட்டிவிடும். கூச்சத்திரை என்று பெயர் வைத்தார்கள். மறுநாளே வகுப்பு நிரம்பி வழிந்தது.

ரெஜினாவின் அப்பா அந்தோணிராஜுக்கு இது தெரியாது. குழாய் அடைப்பு எடுக்கிற வேலை முடிந்து வந்தவர், மகளின் டீச்சர் பார்ப்பாரே என்று இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்வார். வணக்கம் வேறு வைப்பார்.

"உங்க மேடம் ஒரு நாளாவது திருப்பி வணக்கம் சொல்றாங்களா பாரு. ரொம்பத்தான்!"

ரெஜினா அவர் கண்ணுக்குத் திரை தெரியாதபடி நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

இறுதி வாய்மொழித் தேர்வு வந்தது. முகம் தெரிந்தால்தான் மதிப்பெண். இல்லாவிட்டால் ஒரு வருடப் படிப்பு போச்சு. பேராசிரியர் வைதேகி முதல் கேள்வியைக் கேட்டதுமே ரெஜினாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அப்பா டம்ளரில் வெந்நீரோடு ஓடி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையில் மகள் இருந்தாள். பக்கத்தில் சுவர்தான் இருந்தது. கையை ஆட்டிப் பார்த்தார். சுவர் சுவராகவே இருந்தது.

"பாப்பா, நான் இதுல இல்லையே?"

"ரிப்பேர்ப்பா."

அவர் குனிந்து தன் சட்டையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "சரிம்மா. நீ தெரியறேல்ல, அது போதும். இந்தா, குடி."

சீ, நானெல்லாம் ஒரு பொண்ணா என்று ரெஜினாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பாவை நினைத்து அவளுக்கு இப்போது வெட்கமில்லை. வெட்கமெல்லாம் தன்னை நினைத்துத்தான். நாடிவிதை தன் கடமையைச் செய்தது. திரையிலிருந்து ரெஜினா அழிந்துபோனாள். இஸ்திரிச் சட்டையும் டம்ளருமாக அப்பா வந்துவிட்டார்.

"ரெஜினா? எங்க போயிட்டீங்க?" என்றார் பேராசிரியர். "ஐயா, நீங்க யாரு?"

"மேடம், இங்கதான் இருக்கேன்!" என்று ரெஜினா கத்தினாள். குரலும் போய்ச் சேரவில்லை.

அந்தோணிராஜ் அழுகிற மகளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இத்தனை நாள் தான் ஏன் சுவராக இருந்தோம், இப்போது மகள் ஏன் சுவரானாள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவரும் ஒரு காலத்தில் பூமியில் வீட்டிலிருந்தபடியே கல்லூரி படித்தவர்தான். கிழிந்த பனியனோடு அவருடைய அப்பா பின்னால் நடமாடுவாரே என்று, படிப்பு முடியும்வரை கேமராவை அணைத்தே வைத்திருந்தவர். அன்றைக்கு வாத்தியார் கேட்டபோதெல்லாம் சொன்ன பதில் இன்னும் நாக்கிலேயே இருந்தது.

"வணக்கம் டீச்சரம்மா. நான் ரெஜினா அப்பா. பொண்ணு இங்கதான் இருக்கா... சிக்னல்தான் சரியில்ல."