ஃப்ளூரின் தேடிய பிடி

பிடி இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது.

உர்சினா காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுப் பாராசூட் குடைப்பையின் அருகே போனாள். முந்தைய நாள் அவளே மடித்து, அவளே செருகி, அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் சமையலறை ஆணியில் மாட்டியிருந்தாள். அடுத்தவர் மடித்த பையை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் தொடமாட்டார்கள். அடுத்தவர் பல்துலக்கியில் பல் தேய்ப்பதைவிட அசிங்கம் அது. வீட்டில் இருந்த இன்னொரு ஆள், கூடக் குதிக்கும் நண்பன் யூர்க்தான். கேட்டபோது, ரொட்டியை மென்றுகொண்டே, நாற்காலி முதுகில் உரசியிருக்கும் என்றான். அந்தப் பக்கம் நாற்காலியே இல்லை.

பிடியை உள்ளே தள்ளினாள். விரல்களில் ஈரம். முகர்ந்து பார்த்தாள். அறுத்த புல் வாசனை.

பாறையிலிருந்து குதிப்பவர்களுக்கு மாற்றுக் குடை கிடையாது. இடுப்புக்குப் பின்னால் செருகியிருக்கும் சின்னக் குடையைக் கையால் பிடுங்கிக் காற்றில் வீச வேண்டும். அது பெரிய குடையை இழுத்துத் திறக்கும். பிடுங்குவதற்குத்தான் அந்தப் பிடி. சிலர் குழாய்த் துண்டு வைப்பார்கள், சிலர் மணல் அடைத்த துணிப்பந்து. குழாய் எதிலாவது மாட்டித் தொலைக்கும், பந்து மாட்டாது என்று சொல்லித்தான் ஃப்ளூரின் போன கோடையில் மாற்றினான். வருஷக்கணக்காகக் குழாய்க்குப் பழகிய கை. புதுப்பிடிக்குக் கையைப் பழக்காமலே, தடித்த தோல் கையுறையையும் போட்டுக்கொண்டு குதித்தான். யூர்க் மேலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கை இடுப்பைத் தடவித் தடவித் தேடிக்கொண்டே போனது. கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. கீழே, புல் அறுத்த வயலில் அவனைக் கண்டெடுத்தபோதும் துணி கைக்குள்ளேயே இருந்தது. பந்து பையைவிட்டு அசையவே இல்லை.

அவனோடு வாழ்ந்தவள் உர்சினா. அதே பாறையிலிருந்து ஒருமுறை குதித்து அவனிடம் விடைபெற வேண்டும், பிறகு இந்தப் பக்கமே வரக்கூடாது என்பது அவள் எண்ணம். சாக அவளுக்குத் துளியும் ஆசையில்லை.

"துணிப்பந்து இல்லையே?" என்றான் யூர்க், புறப்படும்போது.

"குழாய்தான்."

"நல்லது. மரத்துப்போன கைக்கும் அது அகப்படும்."

ஹெலிகாப்டர் எதுவும் குறுக்கே வராமலிருக்க, அதன் நிலையத்துக்குப் போன் போட்டுத் தாங்கள் குதிக்கப்போவதைச் சொல்லிவிட்டு மலையேறினார்கள். மூடுபனி தேவதாரு மரங்களுக்கிடையே அடர்ந்து கிடந்தது; எங்கோ பசுக்களின் கழுத்துமணி கேட்டது, மணி நின்றதும் அருவியின் இரைச்சல், அதற்கும் அடியில் நனைந்த தோல் தோலோடு உரசுவது போன்ற மெல்லிய ஓசை ஒன்று அவளுடைய நடைக்கு ஒத்தே வந்துகொண்டிருந்தது. இடுப்பில் ஏதோ பட்டது. யூர்க்கின் குறும்பு என்று நினைத்துத் திட்ட வாயெடுத்தாள்.

யூர்க் அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தான்.

குதிக்கும் இடம் இரண்டு பேர் ஒட்டி நிற்கும் அகலமே உள்ள விளிம்பு. பனி விலகிக் கீழே வயல் தெரிந்ததும் யூர்க் தயாரானான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிடிக்கலைன்னா நடந்து வந்துடு, ஒண்ணும் வெட்கமில்ல என்றான். அவள் தலையாட்டினாள். அவன் போய்விட்டான். குடை விரியும் சத்தம் பாறையில் மோதித் திரும்பியது.

இப்போது அவள் மட்டும். வழக்கப்படி கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பிடியைத் தொட்டுப் பழக்கினாள். குழாய், கெட்டியாக, அதன் இடத்தில். மறுபடி தொட்டாள். குழாய் ஈரமாக இருந்தது.

புல் வாசனை.

இடப்பக்க இடுப்பை ஒரு கை தடவியது. பிறகு வலப்பக்கம். நிதானமில்லாத, பதறுகிற கை. கால்சட்டைத் துணியைக் கொத்தாகப் பிடித்தது, இழுத்தது, விட்டது. மறுபடி தேடியது.

திரும்ப முடியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயம். காட்டுவழி பின்னால் இருந்தது, அது நிற்கும் பக்கத்தில். அவள் பிடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"ஃப்ளூரின்," என்றாள். "விட்டுருடா. இது என்னோடது."

கை நின்றது. காதருகே மூச்சில்லை. ஒரு சத்தமும் இல்லை.

பிறகு இன்னும் வேகமாகத் தடவியது. அவள் கையின் மேலேயே. அவள் விரல்களுக்கிடையே.

போதும். இனி நிற்க முடியாது. கீழே யூர்க் இருக்கிறான். காற்றில் இது வராது. எப்படி வரும்?

பொத்திய கையை எடுத்தாள். விளிம்பை உதைத்துப் பாய்ந்தாள்.

காற்று. பாறை மேலே ஓடியது. வயல் பெரிதானது. கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

பிடி இருந்தது. அதே இடத்தில்.

ஈரக் கையுறை போட்ட விரல்கள் அதை இறுகப் பற்றியிருந்தன. அவள் இழுத்தாள். அவற்றைப் பிய்த்தாள், நகத்தால் பிறாண்டினாள். இவ்வளவு நாள் தேடிக் கிடைத்த பிடியை அவன் விடவில்லை.