அந்தோனியாருக்கு வேர்க்கிறது!

"ஐயோ... களவு!"

கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை கேட்டது அந்த அலறல்.

அலறியவர் மெழுகுதிரித் தொழிற்சாலை முதலாளி றொட்னி. அலறுவதில் ஆள் கில்லாடி. கரண்ட் பில் வந்தாலும் இதே சத்தம்தான்.

ஆனால் இன்று விஷயம் பெரிது.

ஸ்டோர் காலி! துடைத்து வைத்தாற்போல் காலி!

வளைகுடாவில் யுத்தம். மெழுகு ஏற்றிய கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு முழிக்கின்றன. விலையோ மூன்று மடங்கு. கண்டிப் பக்கம் மிஞ்சியிருந்த மெழுகெல்லாம் இந்த ஸ்டோரில்தான்... இருந்தது.

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம். ஒருவர் றொட்னி. மற்றவன் வாட்சர் அந்தோனிமுத்து.

கைவிலங்கு யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

"சேர்! எம் புருஷன் ஒரு திரித்துண்டு கூட தொட்டதில்லீங்க!"

சப்-இன்ஸ்பெக்டர் லக்ஸ்மனின் வழியை மறித்தாள் தெரேசா. அதே தொழிற்சாலையில் திரி வெட்டுகிறவள்.

"கேட்டத் தாண்டி ஒரு லொறி கூட போகல்ல சேர்," என்றான் அந்தோனிமுத்து.

"அப்ப மெழுகு நடந்தா போச்சு?" என்றார் லக்ஸ்மன்.

அந்தோனிமுத்து தலை குனிந்தான்.

தெரேசாவும் குனிந்து பார்த்தாள். அவன் காலில்... புதுச் செருப்பு!



"ஏங்க... இது ஏது?"

"முதலாளிதான் புள்ள, பூசைக்குப் போட்டுட்டுப் போன்னு வாங்கிக் குடுத்தாரு."

கரண்ட் பில்லுக்கே அலறுகிறவர் செருப்பு வாங்கிக் கொடுத்தாரா?

தெரேசா மெல்லத் திரும்பி றொட்னியைப் பார்த்தாள். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"திருவிழாவுக்கு மெழுகுதிரி தாறேன்னு பன்வில ஊர்க் கோயிலுக்குப் பழைய விலையில கையெழுத்து வச்சிட்டேன் சேர்... களவு போனா நான் எங்க போவேன்? ஒப்பந்தம் ரத்துதான்!"

"அது என்ன, வரிசையா?" லக்ஸ்மன் கை காட்டினார்.

முற்றத்தில் ஆளுயரப் புனித அந்தோனியார் சிலைகள். எல்லாம் ஒரே முகம். ஒரே கபில அங்கி.

"பரிஸ் சாந்துல, பிளாஸ்டர்ல செஞ்சது சேர். பின்னேரம் கொழும்புக்குப் போகுது."

"ரெண்டு கிழமையா வேல இல்லன்னு எங்கள வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே," தெரேசா கேட்டாள். "இதெல்லாம் எப்பங்க வந்துச்சு?"

"உம் புருஷன் பூசைக்குப் போன நேரம்! நீ என்ன, சிஐடியா?"

லக்ஸ்மன் விலங்கை எடுத்தார். க்ளிக்!

தெரேசா சிலைகளைப் பார்த்தாள். காணாமல் போனதைக் காட்டிக்கொடுப்பவர் அந்தோனியார். முற்றம் நிறைய அவர்தான் நிற்கிறார்! இடுப்பில் செருகியிருந்த துண்டு மெழுகுதிரியை எடுத்தாள். முதல் சிலையின் காலடியில் நட்டாள். தீக்குச்சியைக் கிழித்தாள்.

"ஏய்! அணை! அணை!" றொட்னி பாய்ந்தார். "பெயின்ட் காயல்ல!"

லக்ஸ்மன் குறுக்கே கை நீட்டினார். "சாமி கும்பிடுறதுல உங்களுக்கு என்ன கஷ்டம், மிஸ்டர் றொட்னி?"

"கஷ்டமா? எனக்கா? சும்மா..."

சுடர் நிமிர்ந்து எரிந்தது.

அந்தோனியாரின் கால் பெருவிரலில் ஒரு துளி...

புனிதருக்கு வேர்க்கிறது!

"புதுமை! அற்புதம்!" முழந்தாளிட்டான் அந்தோனிமுத்து, விலங்கோடு.

இன்னொரு துளி. பெருவிரல் வளைந்தது. கபிலப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை தெரிந்தது. தெரேசா தொட்டாள். விரலால் உருட்டினாள். முகர்ந்தாள்.

"சேர்... இது சாந்து இல்ல. எங்க மெழுகு!"

றொட்னி கேட்டை நோக்கி ஓடினார். கேட் பூட்டியிருந்தது. அந்தோனிமுத்து நல்ல வாட்சர்!

அந்தோனியாரைக் கண்டால் மெழுகுதிரி கொளுத்தாமல் நகர மாட்டார்கள் இந்தச் சனங்கள். அவர்களுக்கு மெழுகுதிரி விற்றே வீடு கட்டியவர், அதை மறந்துவிட்டார்!

"மெழுகச் சிலையா வார்த்து, களவுன்னு காட்டி ஒப்பந்தத்தக் கழட்டிவிட்டு, யுத்த விலைக்குக் கொழும்புல விக்கப் பாத்தீங்க. ஏறுங்க ஜீப்ல!"

விலங்கு கை மாறியது.

தெரேசா ஊதி மெழுகுதிரியை அணைத்தாள். விற்கிற விலைக்கு வீணாக்க முடியுமா?

"சேர், அப்பவே கேட்டீங்களே... மெழுகு நடந்தா போச்சுன்னு?"

"ம்?"

"நடந்து போகத்தான் பாத்துச்சு. பாவம், காலு கரைஞ்சிருச்சு!"