பார்க்காமல் சொன்ன பதில்

ஒரு வாரமாகப் பிரசாத் ஒரே இடத்தைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். முன்பெல்லாம் வாசல், ஜன்னல், எதிர்வீட்டு மொட்டை மாடி என்று நாளுக்கு ஓரிடம் இருக்கும். இப்போது உள்ளறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற ஒரு சாண் சந்து மட்டும்தான். அக்கா ஜெனிதாவுக்கு அது கொஞ்சம் உறுத்தியது. யோசிக்கத்தான் தெம்பில்லை.

போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா. இல்லாத ஆட்கள் அவன் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று, அதற்கு முன்னால் அம்மா அவனைக் கூட்டிப்போகாத கோயில் இல்லை, ஜெபக்கூட்டம் இல்லை, தர்கா இல்லை. மந்திரித்த கயிறு கட்டிக் கட்டி மணிக்கட்டே புண்ணாகிப்போனது. டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "ஆளு இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருந்தா போன்ல ஒரு படம் எடுப்பா. அக்காகிட்ட காட்டு. அவங்க இல்லைன்னா இல்லை" என்றார். ஜெனிதாவைத் தனியாக அழைத்து, "ஒருநாளும் பாக்காம பதில் சொல்லிடாதீங்கம்மா. அவர் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது உங்க வார்த்தையைத்தான்" என்றார்.

எட்டு வருஷம் பார்த்துத்தான் சொன்னாள். சாப்பிட்ட கையோடு, காய்ச்சலில் படுத்தபடி, அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றுகூட. மாத்திரையும் அவள் வார்த்தையும் சேர்ந்துதான் அவனைத் தூங்கவைத்தன, மீன் ஏலத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் வேலைக்கு அனுப்பின. யாரையும் நம்பாத ஒரு நாளில் அவன் கழுத்தளவு கடலில் போய் நின்றதை அவள் மறக்கவில்லை.

அன்று நல்ல மழை. அடையாற்றில் ஒரு நர்சிங் ஹோமில் துணி வெளுக்கும் வேலை அவளுக்கு. இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் பிளீச்சிங் பவுடர் நெடியும் ஈரமுமாக, யூனிபார்ம் நீலப் புடவையைக்கூட மாற்றாமல், பெசன்ட் நகர் குப்பத்து வீட்டில் உலை வைத்தாள். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தமும், அதற்குப் பின்னால் கடலின் இரைச்சலும், வாசலில் நனைந்து கிடந்த வலையின் கவிச்சியும் சேர்ந்து, நின்றபடியே அவளுக்குக் கண்ணைச் சொருகியது.

"அக்கா, பாத்து சொல்லு. பீரோவாண்ட யாராச்சும் கீறாங்களா?"

போனை முகத்துக்கு நேரே நீட்டினான். அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"யாரும் இல்லடா."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்டா. போய் படு."

நீ சொன்னால் சரி என்று அவன் முகம் தெளிந்துவிட்டது. ஒரு வாரமாக முன்னறையில் சுருண்டு கிடந்தவன், போனை அடுப்பு மேடையிலேயே வைத்துவிட்டு, பாயை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அந்த அப்பாடாதான் அவளைக் குத்தியது. எட்டு வருஷத்தில் முதல் பொய்.

சோறு கொதித்து மூடி தடதடத்தது. உள்ளே பிரசாத் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். எப்போதாவது தனக்குத்தானே பேசுவான்தான். இப்போது நடுநடுவே நிறுத்தினான், எதிராளி பேசி முடிக்கட்டும் என்பதுபோல.

போனை எடுத்தாள்.

பீரோ. சுவர். நடுவே இருட்டு. ஒன்றுமில்லை, நல்லவேளை, சொன்னது பொய்யாகவில்லை. ஆனாலும் விரலால் பெரிதாக்கினாள். தரையோரமாக நீலத் துணி. இன்னும் பெரிதாக்கினாள். புடவை முந்தானை. அதில் பிளீச்சிங் பவுடர் பட்டு வெளுத்த ஒரு திட்டு.

தன் முந்தானையைப் பார்த்தாள்.

அதே திட்டு. அதே இடத்தில்.

பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம் கண்ணைத் திறந்திருக்கலாம்.

"பிரசாத்து! வெளிய வாடா!"

உள்ளே பேச்சு நின்றது.

"அக்கா," என்றான் அவன். அவளிடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்கிற மாதிரி, மெல்ல. "அடுப்பாண்டயிருந்து யாரோ உன் கொரல்ல கூப்புடுறாங்க."

ஒரு பெருமூச்சு கேட்டது. அலுத்துக் களைத்த பெருமூச்சு.

"யாரும் இல்லடா," என்றது ஜெனிதாவின் குரல், உள்ளேயிருந்து. "பாத்துட்டேன்டா. போய் தாப்பா போட்டுட்டு வா."

"சரிக்கா" என்றான் பிரசாத், நிம்மதியாக.

அவள் கதவை எட்டுவதற்குள் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.