தண்ணீர் நின்ற பிறகு

அடுப்படித் துணியின் ஒரு முனையைக் குழாய் விழுங்கியிருந்தது.

பாஞ்சாலி முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை எட்டு மணிக்குத் தெருவில் தண்ணீர் நின்றுவிடும். அதற்குள் குடம், தவலை, அண்டா எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, பிழிந்த துணியைக் குழாயின் கழுத்தில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் இரண்டரைக்குத் திரும்பி வந்து பார்த்தால் துணி கழுத்தில் இல்லை. குழாயின் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் திருகைச் சரியாக மூடாமல் போயிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு துணியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தாள். மறுபக்கத்திலும் யாரோ பலத்தைக் கூட்டியது போல அது விறைத்தது. பிறகு சட்டென்று விட்டது. வெளியே வந்த முனை வெதுவெதுப்பாக இருந்தது. மென்று துப்பிய வெற்றிலைச் சக்கை போல நார் நாராகப் பிரிந்திருந்தது.

அவள் குனிந்து குழாயின் வாயில் காதை வைத்தாள். காற்று உள்ளே போனது. நின்றது. மறுபடியும் உள்ளே போனது. வெளியே விடவே இல்லை.

காக்ஸ் டவுனுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டை வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய ஆயா வேலையும் கணவன் முனியப்பனின் மில் வேலையுமாகப் பதினாலு வருஷம் சேர்ந்து உழைத்ததற்குக் கிடைத்தது அது. சிவப்புச் சிமெண்டுத் தரை, இரண்டு அறை, பின்பக்கம் ஒரு கொய்யா மரம். ஆனால் அவளை வாங்க வைத்தது அடுப்படிக்குள் இருந்த குழாய். முப்பத்திரண்டு குடும்பங்களுக்கு ஒரே குழாய் இருந்த லைன் வீட்டில் குடம் வைத்து இடம் பிடித்து, சண்டை போட்டு, இடுப்பில் தூக்கி வந்தவள் அவள். அதற்கும் முன்னால், அவளுடைய அம்மா வேலை செய்த பெரிய வீட்டில் குழாயைத் தொட அனுமதி இல்லை. வேறு யாராவது வந்து திறந்து ஊற்ற வேண்டும். இங்கே அவள் கையால் திறந்தால் அவள் வீட்டில் தண்ணீர் வந்தது.

குடிவந்த அன்றே எதிர்வீட்டு வெங்கடராமன் வாசலில் நின்று சொன்னார்: "இந்த ஆத்துல ஆறு மாசத்துக்கு மேல யாரும் தங்கினதில்லை. பார்த்துக்கோங்கோ."

நம்மைப் போன்றவர்கள் இந்தத் தெருவில் தங்க மாட்டார்கள் என்கிறார், அவ்வளவுதான் என்று பாஞ்சாலி எடுத்துக்கொண்டாள். "நாங்க தங்குவோம் சார்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் குழாய் வேலை பார்த்த மைக்கேல்ராஜிடம் அடுத்த நாள் துணியைப் பற்றிச் சொன்னாள். லிங்கராஜபுரத்துக்காரர், ஐம்பது வயது, பதறாத மனிதர்.

"தண்ணி நின்னா மெயின் பைப்பு காலியாகும்மா. அப்ப ஊட்டுக் கொழா நல்லியில காத்த இழுக்கும். எல்லா ஊட்லயும் இருக்கறதுதான். உங்குளுது பழைய பைப்பு, ஜாஸ்தி இழுக்குது. இதுக்குப் போயி ஏன் பேஜார் பண்ணிக்கிறே?"

அது நியாயமாக இருந்தது. ஆனால் அந்த வாரம் முழுவதும் மழை விடவில்லை. மூடிய ஜன்னல்களுக்குள் மத்தியானமே மங்கலாகக் கிடந்த வீட்டில், ஓட்டிலிருந்து சொட்டும் நீரின் சத்தத்துக்கும் தூரத்தில் ரயில் தண்டவாளத்தின் முணுமுணுப்புக்கும் இடையில், சுவருக்குள் புதைந்திருந்த குழாய் அடுப்படியிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து அவர்கள் படுக்கும் அறையின் தலைமாட்டுக்கும் நீண்டு நிதானமாக உள்ளிழுத்துக்கொண்டே இருப்பதை அவள் கேட்டாள். துருவின் வாசனை வரவில்லை. காய்ச்சலில் கிடப்பவர்களின் வாயிலிருந்து வருமே, அந்த வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பழக்கப்பட்ட வாசனை. இங்கே யார் காய்ச்சலில் கிடக்கிறார்கள்?

குழாய்களின் திருகை இறுக்கி மூடி, வாயில் சாக்குத் துணியைக் கட்டி வைத்தாள்.

வியாழக்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். மகள் யசோதாவுக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கித் திறந்துகொண்டு உள்ளே போயிருந்தாள். பாஞ்சாலி வந்தபோது கதவு திறந்திருந்தது. "யசோதா" என்று கூப்பிட்டாள்.

அடுப்படியில் இருந்தாள். சாக்குத் துணி கீழே கிடந்தது. தண்ணீர் குடிக்கப் போன பிள்ளை, தண்ணீர் நின்றுவிட்டதை நினைக்காமல், காலையில் செய்வது போலக் குழாயில் வாயை வைத்திருக்கிறாள். இரண்டு கையும் சுவரைத் தள்ளிக்கொண்டிருந்தன. குதிகால் தரையிலிருந்து எழும்பியிருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிப் போயிருந்தன. கண் மட்டும் அம்மாவைப் பார்த்தது.

பாஞ்சாலி திருகை மூடினாள். பிள்ளை பின்னால் சாய்ந்து அவள் மேல் விழுந்தாள். உதட்டைச் சுற்றி ஊதா நிறத்தில் ஒரு வட்டம். அழுதாள். வாய் திறந்து, நெஞ்சு குலுங்கி, கண்ணீர் கொட்டி அழுதாள். சத்தமே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "காயம் எதுவும் இல்ல. பயந்திருக்கா. ரெண்டு நாள்ல பேச்சு வந்துடும்."

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலி சிலேட்டை மகளிடம் கொடுத்தாள். யசோதா வெகுநேரம் பலப்பத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: *நான் குடிக்கலை. அது குடிச்சிது.*

முனியப்பன் அதைப் படித்துவிட்டு எழுந்து, மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தான்.

"லைனுக்கே போயிடலாம் பாஞ்சாலி. எங்க அண்ணன் ஊட்ல ஒரு மாசம் இருக்கலாம். அப்புறம் பார்த்துக்கலாம்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெட்டி திறந்த சத்தத்தில் அவளுக்குள் ஏதோ இறுகியது.

"நாம ஏன் போவணும்? பைப்புதானே கெட்டுப் போயிருக்குது. பைப்பு போவட்டும்."

"புள்ளைக்குப் பேச்சு வரல."

"அதுக்குத்தான் சொல்றேன். என் புள்ள மேல வாய வச்ச பைப்பு இந்த ஊட்ல இருக்கக் கூடாது. ஒரு துண்டு கூட."

சனிக்கிழமை மைக்கேல்ராஜ் புது ஜி.ஐ. பைப்புகளோடு வந்தார். சுவரை உடைக்காமல், தெரு மீட்டரிலிருந்து வெளிச்சுவரோடு ஒட்டிப் புது லைன் இழுத்தார். மரையில் சணலைச் சுற்றி, வெள்ளை ஈயம் தடவி, ஒவ்வொரு இணைப்பையும் ரெஞ்சால் முறுக்கினார். பழைய லைனை மீட்டர் பக்கம் கழற்றிவிட்டார்.

"இனிமே அது செத்த பைப்பும்மா. எதோடவும் சேரல."

ஞாயிற்றுக்கிழமை காலை, சோதித்துப் பார்க்க வந்திருந்த மைக்கேல்ராஜின் முன்னால் புதுக் குழாயில் தண்ணீர் வந்தது. தெளிவாக, சில்லென்று. பாஞ்சாலி ஒரு கை அள்ளிக் குடித்தாள். எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றது. புதுக் குழாயில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இரும்பு, அவ்வளவுதான்.

அப்போது சுவருக்குள் கேட்டது. எதோடும் சேராத பழைய பைப், உள்ளிழுத்தது.

மைக்கேல்ராஜும் கேட்டார். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். சுத்தியலையும் உளியையும் எடுத்தார். படுக்கையறைச் சுவரை உடைத்துப் பைப்பை உருவினார். குளியலறையில் உருவினார். முனியப்பன் துண்டு துண்டாகக் கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் போட்டான். பத்து மணிக்கு அடுப்படிக்கு வந்தார்கள்.

அடுப்படிப் பைப் சுவரில் இறங்கித் தரைக்குள் போனது. அது மண்ணுக்குள் வளைந்து தெருப் பக்கம் திரும்ப வேண்டும். மைக்கேல்ராஜ் தரையை உடைத்து இரண்டடி தோண்டினார். வளையவில்லை. நாலடி தோண்டினார். பைப் நேராகக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"கெணறு இருந்துதா இங்க?" என்று கேட்டார்.

"இல்ல."

ஹாக்ஸா பிளேடால் தரை மட்டத்தில் அறுத்தார். துண்டு கையோடு வந்ததும் அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். நாற்பது வருஷத்துப் பைப். உள்ளே துரு இல்லை. விரலை விட்டுப் பார்த்து உடனே எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"இன்னா?"

"நாக்காட்டம் இருக்குதும்மா."

ஒரு நட்டைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். இருபது அடி. நாற்பது அடி. கயிறு முழுவதும் போயிற்று. கடைசி முனை அவர் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. மூன்று பேரும் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு விரல் அகலம்கூட இல்லை.

"இது முனிசிபாலிட்டி பைப்பு இல்ல. எவன் போட்டான்னே தெரியல" என்றார் மைக்கேல்ராஜ். அவர் குரல் இறங்கியிருந்தது. "எங்கிட்ட அரை மூட்டை சிமெண்டு இருக்குது. அடச்சிடலாம்."

"அடைங்க அண்ணே."

கலவை தயாரானது. கலவை அள்ளிய இரும்புச் சட்டியை, பாண்டலியை, அவர் தூக்கினார்.

"அம்மா."

யசோதாவின் குரல். பாஞ்சாலி திரும்பிப் பார்த்தாள். யசோதா அறை வாசலில் சிலேட்டோடு நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது.

"அம்மா, இருட்டா இருக்குதும்மா."

ஓட்டையிலிருந்து வந்தது.

முனியப்பன் மகளை வாரித் தூக்கினான். "வா போயிடலாம். பாஞ்சாலி, வா." அவன் அழுதுகொண்டிருந்தான். மைக்கேல்ராஜ் பாண்டலியை இறக்கி வைத்தார். அடைத்தால் அந்தக் குரலையும் சேர்த்து அடைக்க வேண்டும். மூன்று பேருக்கும் புரிந்தது.

ஓடு என்று பாஞ்சாலியின் உடம்பு சொன்னது. அவள் ஓடவில்லை. குழாயடியில் எத்தனை பேரிடமிருந்து குடத்தைப் பிடுங்கியிருக்கிறாள்.

மண்டியிட்டாள். கையை ஊன்றிக் குனிந்தாள்.

"அது எம் பொண்ணோடது" என்றாள் அந்த ஓட்டையிடம். "குடுத்துடு."

அது உள்ளிழுத்தது.

அவள் வாயை அதன் மேல் வைத்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. அது இழுத்தது. அவளும் இழுத்தாள். கன்னம் வலித்தது. காது அடைத்தது. நெஞ்சுக்குள் ஏதோ வேரோடு ஆடியது. விடவில்லை. கண்ணில் இருட்டு வந்தது. விடவில்லை. பல்லுக்கு இடையில் ஏதோ வந்தது. சின்னது. சூடானது. துடித்தது.

தலையைப் பிய்த்து எடுத்தாள். வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து, முனியப்பன் தோளிலிருந்த மகளின் முகத்தைப் பிடித்து, உதட்டின் மேல் உதடு வைத்து ஊதினாள்.

யசோதா இருமினாள். இன்னொரு முறை இருமினாள்.

"அம்மா" என்றாள். அவளுடைய குரல். கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான்.

பாஞ்சாலி முனியப்பனை வாசலைப் பார்த்துத் தள்ளினாள். வெளியே கூட்டிப் போ என்று கையைக் காட்டினாள். அவர்கள் தெருவுக்குப் போகும் வரை பார்த்திருந்துவிட்டு, மைக்கேல்ராஜ் பக்கம் திரும்பித் தலையை அசைத்தாள்.

அவர் ஊற்றினார். சிமெண்டு சரிந்து ஓட்டைக்குள் போனது. போய்க்கொண்டே இருந்தது. ஒரு பாண்டலி. இரண்டு. மூன்றாவதில் நிரம்பித் தரை மட்டத்துக்கு வந்தது. மைக்கேல்ராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

இன்னும் ஊத்துங்க என்று சொல்ல பாஞ்சாலி வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. ஒன்றும் வரவில்லை.

"இன்னும் ஊத்துங்க."

தரைக்குள்ளிருந்து. அவளுடைய குரலில்.

மைக்கேல்ராஜின் கையிலிருந்து பாண்டலி விழுந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். "மாதாவே" என்றார். கொல்லைக் கதவு திறந்து மூடியது.

பாஞ்சாலி கரணையை எடுத்தாள். மிச்சக் கலவை முழுவதையும் அள்ளிப் போட்டாள். அழுத்தினாள். ஈரச் சிமெண்டில் ஒரு குமிழ் எழும்பி உடைந்தது.

"யசோதா."

அழுத்தினாள்.

"யசோதா, உள்ள வாம்மா. அம்மா கூப்புடறேன்."

தெருவில் முனியப்பன் ஏதோ கத்தினான். சின்னச் செருப்புகள் படியேறின. "வந்துட்டேம்மா."

வராதே. கத்தினாள். சத்தம் இல்லை. நெஞ்சு கிழிய மறுபடியும் கத்தினாள்.

யசோதா அடுப்படி வாசலுக்கு வந்துவிட்டாள். பாஞ்சாலி கரணையை எறிந்தாள். ஈரச் சிமெண்டின் மேல் தன் முழு உடம்போடும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மகளுக்கு நேராக ஒரு கையை நீட்டினாள். நில். பிள்ளை நின்றது. அம்மாவின் மூடிய வாயைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது.

சிமெண்டு அவளுக்குக் கீழே மெல்லக் குழிந்தது. பாஞ்சாலி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். அவளுக்கு அடியில் அவளுடைய குரல், பொறுமையாக, பிரியமாக, மகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.