காற்றுக்கு எதிரே சாய்ந்த மரம்

நோரிஸ் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியபோது நல்ல வெயில். பேய் என்று வாயெடுத்தாலே சிரிப்பு வந்துவிடும், அப்படியொரு வெயில். தோளில் கயிற்றுச் சுருள், ஒரு கையில் மெஷின் வாள், இன்னொரு கையில் ஆப்புகள் போட்ட சாக்கு. கரியாக்கூ தீவில் யார் வீட்டின்மேல் எந்த மரம் சாய்ந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தகரம்கூட நெளியாமல் இறக்கிக் கொடுப்பான் என்று பெயர்.

யூலாலி வாசலிலேயே நின்றிருந்தாள். விடிந்ததிலிருந்து அங்கேதான் நின்றாள். உள்ளே போய் உட்கார்ந்தால் அந்த மரத்தின் முனகல் கேட்கும். அதைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை.

"எங்க, அத்தை, அந்த மகராசன்?" என்றான் நோரிஸ்.

அவள் வீட்டுக்குப் பின்பக்கம் கையைக் காட்டினாள். காட்டவே தேவையில்லை. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே, சரிவில், ஒரு பெரிய சீமைப்பலா இலையில்லாமல் நின்றது. அடி பெருத்து, பட்டை கறுத்து, தலை முழுவதும் வீட்டுப் பக்கமே கவிழ்ந்திருந்தது. பின்னறை ஜன்னலைத் தொட ஒரு முழம்தான் பாக்கி. அந்த அறையில்தான் அவள் மகள் ஆல்தியா படுப்பாள்.

நோரிஸ் மரத்தைச் சுற்றி வந்தான். உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான். பட்டையைக் கிள்ளி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"ஏறவே முடியாது. கொம்பெல்லாம் அப்பளம். காலை வச்சா மரமும் நானும் சேர்ந்து உங்க அடுப்படிக்கே வந்துருவோம்." சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தான். "ஆனா ஒண்ணு, அத்தை. காத்து மலையிலேர்ந்து கடலுக்கு அடிக்குது. இந்தப் பக்கத்துல இருக்குற அத்தனை மரமும் கடலைப் பாத்துத்தான் குனியுது. இது மட்டும் ஏன் காத்தை எதுத்துக்கிட்டு வீட்டுக்கு வருது?"

யூலாலிக்குக் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்தாள். போன மழைக்காலத்தில் அவள் மகன் அன்செல்ம் சரக்குப் படகில் போனான். படகின் பலகை நாலைந்து கரை ஒதுங்கின. அவன் ஒதுங்கவில்லை. உடம்பு கிடைக்காதவனுக்கு எதற்கு ஜெபம், எதற்குப் படையல், எதற்குக் கல்லறைக் கல் என்று யூலாலி பிடிவாதமாக இருந்துவிட்டாள். அவன் செத்துவிட்டான் என்று அவனுக்கே யாரும் சொல்லவில்லை. அந்த மாதமே மரம் இலையைக் கொட்டியது. பிறகு சாயத் தொடங்கியது.

அவள் சும்மா இருக்கவில்லை. ஆல்தியாவை முன்னறையில் படுக்க வைத்தாள். விடிந்து பார்த்தால் மரம் முன்னறைப் பக்கம் திரும்பியிருந்தது. மறுபடி பின்னறைக்கே மாற்றினாள், அதுவும் பின்னறைக்கே திரும்பியது. தீவின் மறுகோடியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். அந்தி சாய்வதற்குள் மகள் வெறுங்காலோடு திரும்பி வந்து நின்றாள். ஏன் வந்தாய் என்றால், தெரியவில்லையம்மா, கால் வந்துவிட்டது என்றாள். பக்கத்துப் பெரிய தீவான கிரெனடாவுக்கு அனுப்பலாம் என்றால் படகில் ஏற்ற வேண்டும். இன்னொரு பிள்ளையையும் அந்தக் கடல்மேல் ஏற்ற யூலாலியால் முடியாது. ஆக, மரத்தைத்தான் இறக்க வேண்டும். இல்லையென்றால் அது அந்தப் பெண்ணின்மேல் இறங்கிவிடும்.

"யாரோட கொடி கீழே இருக்கு?" என்றான் நோரிஸ்.

அந்தத் தீவில் மரத்தில் கை வைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது. பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் ஒரு கன்று நடுவார்கள். அது அந்தப் பிள்ளையின் மரம். செத்தவன் மரத்தை, அவனிடம் சொல்லிக்கொண்டு வெட்டலாம். உயிரோடு இருப்பவர் மரத்துக்கு நேர்வது அவருக்கும் நேரும் என்று அதை ஒருவனும் தொடமாட்டான், நோரிஸ் கனவிலும் தொடமாட்டான்.

"அன்செல்மோடது," என்றாள் யூலாலி.

"அவனோடது மட்டுந்தானே?"

"அவனோடது மட்டுந்தான்."

பொய். அன்செல்மும் ஆல்தியாவும் இரட்டை. அவர்கள் பிறந்த அன்று பேய்மழை. இரண்டு குழி தோண்ட வேண்டிய இடத்தில் புருஷன் ஒரே குழி தோண்டி, இரண்டு கொடியையும் போட்டு, ஒரே கன்றை நட்டான். ஒன்றாக வந்ததுகள் ஒன்றாகவே இருக்கட்டும் என்று சிரித்தான். அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான். இப்போது அது தெரிந்தவள் யூலாலி ஒருத்திதான். ஆல்தியாவிடம்கூட, உன் மரம் அப்பா பிறந்த வீட்டு எலுமிச்சை என்றுதான் சொல்லி வளர்த்தாள். உண்மையைச் சொன்னால் நோரிஸ் சாக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். மரம் நிற்கும், மகள் நசுங்குவாள். வேறு என்ன சொல்வாள் அவள்?

உச்சி வேளைக்குக் கயிறு இழுக்க ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் பக்கத்து வீட்டு ஹட்சன், வாய் ஓயாதவன்.

"அத்தை, சங்குக் கறி வாசனை வரலையே? வெறும் வயித்தோட இழுத்தா மரம் எங்களை இழுத்துரும்."

"முதல்ல இழு. அப்புறம் தின்னு," என்றான் நோரிஸ். "உன் வயித்து எடைக்கு முன்னால மரம் எம்மாத்திரம்?"

எல்லாரும் சிரித்தார்கள். யூலாலியும் சிரித்துப் பார்த்தாள். வரவில்லை.

நோரிஸ் நூல்கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டிச் சுழற்றி எறிந்தான். அது கொம்பு பிரியும் கவைக்கு மேலாக ஏறி இறங்கியது. அதன் வாலில் பெரிய கயிற்றைக் கட்டி மேலேற்றி, அடிமரத்தோடு இறுக்கி, மறுமுனையைக் கடலோரத்துக்குக் கொண்டுபோய் நாட்டு வாதுமை மரத்தில் கட்டிய கப்பிகள் வழியே ஆட்களிடம் கொடுத்தான். மரம் விழுந்தாலும் அவர்களை எட்டாத தூரம் அது.

"வீட்டுப் பக்கம் சாஞ்ச மரத்தைக் கடல் பக்கம் விழ வைக்கணும்," என்று அவன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "கடல் பக்கம் ஒரு வாய் வெட்டுவேன். அப்புறம் வீட்டுப் பக்கமிருந்து அறுத்து ஆப்பு அடிப்பேன். நடுவுல கொஞ்சம் அறுக்காம விட்டு வைப்பேன், அதுதான் கதவுக் கீல் மாதிரி மரத்தைத் திருப்பும். கயிறு மட்டும் தளரக் கூடாது. தளர்ந்தா அப்படியே பின்னால உட்கார்ந்துரும். நான் ஆரம்பிச்சிட்டா நடுவுல நிறுத்த முடியாது. புரிஞ்சுதா?"

ஆல்தியாவை மேட்டுச் சாலையில் வண்டிக்கு அந்தப் புறம் நிறுத்தினார்கள். வாளிப்பான பெண், நிமிர்ந்து நடப்பவள். இருபது வயதிலேயே தையலில் நல்ல பெயர் வாங்கியிருந்தாள். சில வாரமாக முகம் வெளுத்திருந்தாள், அவ்வளவுதான்.

நோரிஸ் வேரடியில் தண்ணீர் ஊற்றினான். பிறகு ரம் ஊற்றினான். தொப்பியைக் கழற்றினான்.

"அன்செல்மு, தம்பி. உன் மரத்தை எடுக்கப் போறோம். கோவிச்சுக்காதே. உன் பங்கைக் குடிச்சிட்டு நிம்மதியாப் போயிரு."

ரம்மை மண் குடிக்கவில்லை. அது அப்படியே மேலே தேங்கி நின்றது. நோரிஸ் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். உடனே துப்பினான்.

"உப்பு," என்றான் மெதுவாக.

கயிறு முறுக்கேறியது. வாள் அலறியது. கடல் பக்கத்து வாய் வெட்டு எளிதாக வந்தது. சாம்பல் நிறத்தில் தூள் பறந்தது, உள்ளே எல்லாம் உளுத்து, கருவாடு வைத்த பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை எழுந்தது. கயிற்றைப் பிடித்திருந்த ஹட்சன் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டான்.

செத்த மரம்தான். சந்தேகமே இல்லை.

யூலாலிக்கு மூச்சு வந்தது. முழுசாகச் செத்துவிட்டது, அதில் என் மகளுடையது எதுவும் மிச்சமில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

நோரிஸ் வீட்டுப் பக்கம் வந்து வாளை வைத்தான். பின்வெட்டு உள்ளே போனது. ஆப்பைச் செருகிச் சம்மட்டியால் அடித்தான். மறுபடி அறுத்தான். பாதிக்கு மேல் போயிருக்கும்.

வாளின் சத்தம் மாறியது.

வெட்டிலிருந்து வெள்ளையாக ஒன்று கசிந்தது.

பால்.

கெட்டியான, புது மரத்துப் பால். பட்டைமேல் வழிந்து, அவன் கைமேல் வழிந்து, சொட்டியது. கடல் பக்கத்துப் பாதி செத்து உளுத்திருந்தது. வீட்டுப் பக்கத்துப் பாதி, வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே பச்சையாக இருந்தது.

நோரிஸ் வாளை அணைத்தான். அந்த அமைதியில் கயிறு நறநறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவன் திரும்பி யூலாலியைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

"அத்தை. இந்தப் பாதி யாரோடது?"

அவள் மேட்டுச் சாலையில் ஆல்தியா நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்கத்தை. யாரோடது?"

"பாப்பாவோடது," என்றாள் யூலாலி. "ரெண்டையும் ஒரே குழியில போட்டோம். நிறுத்திருப்பா. உன் காலைப் பிடிக்கிறேன், நிறுத்திரு."

நோரிஸ் வெட்டைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், தலைக்கு மேல் தொங்கும் மரத்தைப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

"இவ்வளவு அறுத்தப்புறமா? எங்க நிறுத்தறது? விட்டா இப்பவே வீட்டு மேல உக்காந்துரும். கட்டி வைக்க முடியாது, ஒட்ட வைக்க முடியாது. ஏன் முதல்லயே சொல்லல நீங்க?"

கடலோரத்திலிருந்து ஹட்சன் கத்தினான்: "டேய், கை எரியுது! இழுக்கட்டா வேணாமா?"

நோரிஸ் சம்மட்டியை எடுத்தான்.

"இழுங்கடா!"

ஆப்பு இறங்கியது. ஆட்கள் இழுத்தார்கள். மரம் அசையவில்லை. இன்னும் இழுத்தார்கள். அப்போது அது வீட்டுப் பக்கமே இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. ஜன்னலின் சட்டத்தை ஒரு கொம்பு தொட்டது, பிடித்துக்கொள்வது போல.

யூலாலி அப்போதுதான் புரிந்துகொண்டாள்.

அது ஆல்தியாவை நசுக்க வரவில்லை. செத்த பாதி கடலைப் பார்த்துக் கிடந்தது. உயிருள்ள பாதிதான் அதனிடமிருந்து விலகி விலகி, காற்றையும் எதிர்த்து, வீட்டுக்குள் வரத் தவித்திருக்கிறது. பெற்றவளிடம் ஓடி வந்திருக்கிறது. அதன் கழுத்தில்தான் இப்போது கயிறு போட்டு இழுக்கிறார்கள்.

"வேண்டாம்!" என்று அலறினாள். அந்த நேரத்தில் கீல் முறிந்தது.

மரம் திரும்பியது. நோரிஸ் குறித்த இடத்தில், ஒரு சாண் விலகாமல், கடலைப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தது. ஒரு தகரம் நெளியவில்லை. ஒரு கண்ணாடி உடையவில்லை.

யூலாலி மேட்டுக்கு ஓடினாள். வண்டிக்கு அந்தப் புறம் ஆல்தியா நின்றிருந்தாள். முழுசாக நின்றிருந்தாள். கன்னத்தில் ரத்த ஓட்டம்கூட வந்திருந்தது.

"என்னம்மா இப்படி ஓடி வர்றே? நல்லாத்தானே விழுந்துச்சு?"

யூலாலி மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். நோரிஸ் சாப்பிட உட்காரவில்லை. பாலில் ஊறிய கையை மண்ணில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியை எடுத்தான். மற்றவர்கள் சங்குக் கறியும் சோளக் களியும் தின்று, கேலி பேசி, கலைந்தார்கள். ஆல்தியாதான் பரிமாறினாள். அவள் சிரிப்பைக் கேட்கக் கேட்க, எல்லாம் என் மனப்பிராந்திதான் போல என்று யூலாலி நினைக்க ஆரம்பித்தாள். நினைக்க எவ்வளவு ஆசையாக இருந்தது!

அந்தி வெளிச்சத்தில் மகள் பாத்திரம் கழுவிவிட்டுப் பின்முற்றத்தில் நின்றாள், கடலைப் பார்த்து. யூலாலி கதவருகே வந்தாள். ஏதோ சரியில்லை. என்னவென்று உடனே பிடிபடவில்லை.

"ஏன்டி கோணலா நிக்கிறே? நேரா நில்லு."

"நேராத்தானே நிக்கிறேன்."

இல்லை. குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருந்தன. முழங்கால் மடியவில்லை. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்திருந்தது.

யாராக இருந்தாலும் விழுந்திருக்க வேண்டிய சாய்வு.

அவள் விழவில்லை.

யூலாலி ஓடிப்போய்ப் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். மகளின் உடம்பு மரக்கட்டையாக விறைத்திருந்தது. கீழே அலைச் சத்தம். காற்று நின்றுவிட்டிருந்தது. பிடித்த கைக்குள் அந்த உடம்பு ஒரு நூல் முன்னால் போனது. நின்றது. இன்னும் ஒரு நூல் போனது.

"ஆல்தி. கண்ணு. என்னைப் பாருடி."

ஆல்தியா திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது, சின்ன வயதில் விளையாடப் போக அனுமதி கேட்கும் அதே குரல்.

"கையை எடும்மா. பாவம், நனைஞ்சு போய் நிக்கிறான்."

யூலாலி கையை எடுக்கவில்லை. இருந்த பலமெல்லாம் கூட்டி, இரண்டு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டாள். அவள் பிடி தளரவே இல்லை. கால்கள்தான், ஊன்றிய மண்ணைக் கீறிக்கொண்டு, மெதுவாக முன்னால் நகரத் தொடங்கின.